முத்திரையில் பட்ட சந்தனம்

அந்தக் கடதாசியை எடுக்க இவர் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் வரிசையில் நின்றார். சண்டைக் காலம் அது. கொழும்பில் இருக்கிற தமிழ் ஆட்கள், வீட்டில் எத்தனை பேர், எங்கே பிறந்தவர்கள், எதற்காக இங்கே இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய துண்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். எங்கள் துண்டில் நாலு பெயர். என் புருஷனாகிய இவர், நான், இவருடைய தமக்கையாகிய என் மச்சாள், ஆறாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகள். நாலு பெயருக்கும் கீழே வலது மூலையில் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை. அதைக் கண்டதும் எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். கீழே வீட்டுக்காரி, சிங்களப் பெண். என்னை நங்கி என்று கூப்பிடுவாள், தங்கச்சி என்று அர்த்தம். நல்லவள்தான். ஆனாலும் ஒழுங்கைக்குள் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் நான் முதலில் பார்ப்பது அவளுடைய ஜன்னலைத்தான், அவள் எட்டிப் பார்க்கிறாளா, உள்ளே போகிறாளா என்று.

அந்த நாட்களில் பயம் என்பது தனியாக வந்து போகிற ஒன்றாக இருக்கவில்லை. சோறு வடிக்கும்போதும் இருந்தது, துணி காயப்போடும்போதும் இருந்தது. பஸ்சில் போனால் மகள் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லை மட்டும் சத்தமாகச் சொல்லலாம். அது இரண்டு பாஷைக்கும் பொது. ‘அப்பா’ என்று சொன்னால் முன் சீற்றில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே இவரோடு பஸ்சில் போகும்போது பிள்ளை தகப்பனைக் கூப்பிடுவதே இல்லை, சட்டையைப் பிடித்து இழுப்பாள். “என்ர மகளுக்கு நான் பஸ்சில மட்டும் ஆரோ ஒரு ஆள்” என்று இவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இவர் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர். சாமி அறைக்குள் அதிகம் வரமாட்டார். காலையில் வேலைக்கு இறங்கும்போது நான் நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன், குனிந்து வாங்கிக்கொள்வார். ஒழுங்கை முனைக்குப் போனதும் துடைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் நீறோடு காலி வீதி என்கிற பெரிய றோட்டுக்கு ஏறினால் முதல் சென்றியிலேயே, சோதனைச் சாவடியிலேயே, இறக்கிவிடுவார்கள். ஆனால் அவர் அதைக் கையால் தட்டிவிடுவதில்லை. கைலேஞ்சியால் ஒற்றி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். துணி தோய்க்கும்போது லேஞ்சியின் மடிப்புக்குள் வெள்ளையாக இருக்கும். நான் இதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

பதிவுத் துண்டு கிடைத்தது ஒரு திங்கட்கிழமை பொழுதுபடும் நேரம். அடுத்த நாள் செவ்வாய், முருகனுக்கு உகந்த நாள். விடிய எழும்பித் தலைக்கு வார்த்து, விளக்கேற்றி, துண்டை முருகன் படத்துக்கு முன்னால் வெற்றிலையில் வைத்தேன். புதுப் பத்திரம் என்றால் மூலைக்கு மூலை சந்தனம் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வெறுங் கடதாசியாக வீட்டுக்குள் வந்தது, சாமி பார்த்த கடதாசியாக வெளியே போக வேண்டும். நான் கடையில் விற்கிற சந்தனத் தூள் பாவிப்பதில்லை. கட்டையைக் கல்லில் உரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து வைப்பேன். அன்றைக்கும் நாலு மூலையிலும் மோதிர விரலால் வைத்தேன். பயத்துக்கு மருந்து பூசுகிறவள் போல, நாலாவது மூலையில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன். முத்திரை அந்த மூலையில் இருந்தது என்பதை யோசிக்கவே இல்லை.

“இஞ்சாரும், நேரம் போட்டுது, அதைத் தாரும்.”

“காயட்டும், பொறுங்கோ.”

“பஸ் பொறுக்காது.” வாங்கிப் பார்த்தார். “பொலிஸ் பெரியவரின்ர கையெழுத்துக்குப் பக்கத்தில முருகன்ர கையெழுத்தும் விழுந்திட்டுது. இனி என்னை ஆர் மறிக்கிறது?” என்று சொல்லி, ஈரத்தோடு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஒன்பதரை மணிக்குக் கீழேயிருந்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். “நங்கி! டெலிபோன்!”

இவர் வேலை செய்கிற புறக்கோட்டை இரும்புக் கடையிலிருந்து ஒரு பொடியன் கதைத்தான். கொம்பனித்தெருவுக்குக் கிட்ட பஸ்சை மறித்து எல்லாரையும் இறக்கினார்களாம். மற்றவர்களை ஏறச் சொல்லிவிட்டு இவரையும் இன்னும் சிலரையும் பக்கத்துப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அதே பஸ்சில் வந்த தெரிந்த ஆள் ஒருவர் கடையில் சொல்லியிருக்கிறார். “பதிவுத் துண்டில ஏதோ பிழையாம் அக்கா” என்றான் அந்தப் பொடியன்.

பிழை என்ன என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அதற்கு முதலே தெரிந்துவிட்டது. என் மோதிர விரலில் இன்னும் மஞ்சள் இருந்தது.

வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். தான் கூட வருவதென்றால் தன் வீட்டு மாத்தயாவை, புருஷனை, கேட்க வேண்டும், அவர் வேலையில் என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றாள். எனக்கு அது போதும். அவளுக்கும் பயம் இருக்காதா?

மேலே வந்து சேலை மாற்றும்போது கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்தேன். பெரிய குங்குமப் பொட்டு. அதோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகலாமா? வெளியே போகும்போது நானே எத்தனையோ தரம் அதைச் சின்னதாக்கி, கறுப்பாக்கி, இல்லாமலும் ஆக்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கை எழும்பவில்லை. அவரைக் கொண்டுபோன நாளில் என் கையாலேயே பொட்டை அழிப்பதா?

மச்சாள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. இளம் வயதில் புருஷனைப் பறிகொடுத்தவ. நெற்றி எப்போதும் வெறுமைதான்.

“பிள்ளை, துடையாதை.”

“சென்றியில மறிப்பினம் மச்சாள்.”

“மறிக்கட்டும். என்னைப் பார், எந்தச் சென்றியிலயும் என்னை ஒருத்தனும் கேக்கிறேல்லை. அரசாங்கத்துக்குப் பிடிச்ச நெத்தி இது. உனக்கு இது வேண்டாம்.” சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினா. “வா, நானும் வாறன். நீ சிங்களம் கதைச்சியெண்டால் அவனை இன்னும் ரெண்டு நாள் வைச்சிருப்பாங்கள்.”

எந்தப் பொலிஸ் நிலையம் என்று நான் எழுதத் தேவையில்லை. சுவரோரம் ஒரு நீண்ட வாங்குப் பலகை. அதில் எங்களுக்கு முதலே ஒரு பெண் இருந்தா. மலைநாட்டுப் பக்கத்து ஆள் என்று கதையிலேயே தெரிந்தது. “யாரும்மா, மகனா?” என்று கேட்டா.

“இல்லை, என்ர அவர்.”

“எனக்கும் வீட்டுக்காரருதான். தேத்தண்ணிக் கடையில வேலைங்க. பதிவே இல்ல. வந்து ஒரு மாசந்தான் ஆகுது.” சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. “மூனு மணிக்கு வேன் வருமாம். பேரு சரிவராதவங்கள வேற எடத்துக்குக் கொண்டு போயிருவாங்களாம். அங்க போனா எப்ப வருவாங்கன்னு சொல்ல ஏலாதாம்.”

சுவரில் மணிக்கூடு இருந்தது. பதினொன்று தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த மணிக்கூட்டைத்தான் பார்த்தேன். கந்தசஷ்டிக் காலத்தில் மனதுக்குள் ஓடுகிற கவசம்கூட அன்றைக்கு ஒரு வரி தாண்ட மாட்டேன் என்றது. முருகா, முருகா என்று மட்டும் வந்தது. பிழை என்னுடையது என்று வேறு யாரிடம் சொல்வது?

சார்ஜன் கூப்பிட்டார். மேசையில் எங்கள் துண்டு விரித்துக் கிடந்தது. நான் வைத்த சந்தனம் முத்திரையின் பாதியைக் கரைத்திருந்தது. ஈரத்தோடு மடித்ததால் ஊதா மையும் மஞ்சளும் கலந்து, நாலாவது பெயருக்குக் கீழே ஒரு பெரிய அழுக்காகப் பரவியிருந்தது. அந்த இடத்தில் ஐந்தாவது பெயர் ஒன்று இருந்து அழிக்கப்பட்ட மாதிரியே தெரிந்தது. எனக்கே அப்படித் தெரிந்தது.

சார்ஜன் விரலால் அதைத் தொட்டுக் காட்டி, “மேக்கே ஹிட்டியே கவுத?” என்றார். இதில் இருந்தது யார்?

“கவுருத் நே” என்றேன். ஒருவரும் இல்லை.

அப்படியானால் ஏன் அழித்தாய்? யாரை ஒளித்து வைத்திருக்கிறாய்? முத்திரையை மாற்றப் பார்த்தாயா? ஒவ்வொரு கேள்விக்கும் குரல் கூடியது. எனக்குத் தெரிந்த சிங்களம் மீன்காரனோடும் மரக்கறிக்காரியோடும் கதைத்த சிங்களம். அதில் விலை கேட்கலாம், பழுது என்று சொல்லலாம். சாமிக்கு வைத்த சந்தனம் என்று சொல்ல அதில் வார்த்தை இருக்கவில்லை. “மம தமய் கலே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான்தான் செய்தது, நான்தான் செய்தது. அது குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரியே கேட்டிருக்கும்.

மச்சாள் இடையில் புகுந்து, இது ஹந்துன், சந்தனம், தெய்யோவுக்கு, சாமிக்கு வைத்தது, என் தம்பி பெண்சாதி எந்தக் கடதாசிக்கும் இப்படித்தான் பூசுவாள் என்று சிங்களத்தில் சொன்னா. சார்ஜன் நம்பவில்லை. எந்தக் கடதாசிக்கும் என்றால் மற்றக் கடதாசிகள் எங்கே என்றார்.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தா. “பிள்ளை, உன்ர பிஸ்கட் ரின் எங்கை வைச்சிருக்கிறாய்?”

“அலுமாரிக்குக் கீழ்த்தட்டில. ஏன்?”

“நீ இஞ்சை இரு. அழாதை. அழுதால் உண்மையெண்டு நினைப்பாங்கள்.” ஓட்டோ பிடிக்க ஓடினா. அந்த வயதில் அவ ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை.

மச்சாள் திரும்பி வரும்போது ஒன்றேமுக்கால். பொலிஸ் நிலையத்துக்குள் மூடிய ரின் ஒன்றோடு வருவது என்பது லேசான காரியமா? வாசலில் நின்றவன் கையை நீட்டி மறித்து, தள்ளி நிலத்தில் வை, நீயே திற என்றான். சுற்றி நின்ற ஆட்கள் எல்லாரும் இரண்டடி பின்னுக்குப் போனார்கள். மச்சாள் குந்தியிருந்து மூடியைத் திறந்தா. உள்ளேயிருந்து ஒரு சந்தன வாசம் வந்தது. அவ்வளவுதான்.

அந்த ரின்னுக்குள் எங்கள் குடும்பம் முழுவதும் இருந்தது. கல்யாணப் பதிவு, மகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், வீட்டு ஒப்பந்தம், தையல் மெஷின் வாங்கின ரசீது, காஸ் சிலிண்டர் அட்டை, மகளுக்கு ஊசி போட்ட அட்டை, அவளுடைய பள்ளிக்கூட றிப்போட்கள். சார்ஜன் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றிலும் நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு. சிலது பழசாகி மண்ணிறமாகியிருந்தது. கல்யாணப் பதிவில் பதிவுகாரரின் கையெழுத்தின் மேலேயே ஒன்று. நான் அதை அதுவரை கவனித்ததில்லை.

கணக்கில் முப்பத்தியொரு புள்ளி வாங்கின றிப்போட்டை எடுத்து, இதற்கும் வைத்தாயா என்று கேட்டார். இதற்குத்தான் கூட வைத்தது என்று மச்சாள் சொன்னா. பக்கத்து மேசைக்காரன் சிரித்துவிட்டான். பிறகு ஒரு பழைய சுவீப் டிக்கட், அதிர்ஷ்டலாபச் சீட்டு, வந்தது. இவர் வாங்கி, எனக்குப் பகிடியாகத் தந்தது. அதற்கும் நாலு பொட்டு. சார்ஜன் அதைத் தூக்கிப் பிடித்து, விழுந்ததா என்றார். இல்லை என்றேன். இரண்டு மூன்று பேர் வந்து சுற்றி நின்று கடதாசிகளைக் கைமாற்றி முகர்ந்து பார்த்தார்கள். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் என் வீட்டுச் சாமி அறைக்குள் சப்பாத்துக் காலோடு ஆட்கள் நிற்பது போல எனக்குக் கூசியது. சிரிக்கட்டும் என்று நின்றேன். எங்கள் வீட்டில் சிரிப்பது இவருடைய வேலை, கும்பிடுவது என்னுடைய வேலை. அன்றைக்கு நான் கும்பிடுவதைப் பார்த்து ஊர் சிரித்தால்தான் அவர் வெளியே வரலாம் என்றால், முருகா, இன்னும் நல்லாய்ச் சிரிக்க வை என்று வேண்டினேன்.

சார்ஜன் நாங்கள் பதிந்த இடத்துக்கு டெலிபோன் எடுத்தார். லைன் கிடைக்கவில்லை. திரும்ப எடுத்தார். கிடைத்தது, ஆனால் புத்தகம் வைத்திருக்கிறவர் சாப்பிடப் போய்விட்டாராம். இரண்டரை மணி. காத்திருக்கச் சொன்னார்கள். வாங்கில் இருந்த அந்தப் பெண் தள்ளி இடம் விட்டா. என் மடியில் இருந்த ரின்னைப் பார்த்து, “எல்லாம் இருக்குதுங்களே ஒங்களுக்கு” என்று மெல்லச் சொன்னா. பொறாமையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த ரின்னை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டெலிபோன் அடித்தது. அங்கேயுள்ள புத்தகத்தில் நாலு பெயர்தான். ஐந்தாவது இல்லை. சார்ஜன் ஒரு தாளில் சிங்களத்தில் நீளமாக எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று மச்சாளைப் பார்த்தேன். அவவுக்குக் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. சார்ஜன் வாசித்துக் காட்டினார். கடவுள் பயத்தினால் அரசாங்க முத்திரையை அசுத்தப்படுத்தியது நான், இனிமேல் செய்யமாட்டேன். எட்டாம் வகுப்புப் படித்த கையால் என் பெயரை எழுதினேன். கடவுள் பயத்தினால் இல்லை, உங்கள் பயத்தினால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வேன் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்களை ஒரு வரிசையாகக் கொண்டு வந்தார்கள். இவரும் அந்த வரிசையில் வந்தார். சார்ஜன் எழும்பி ஏதோ சொல்ல, இவரை மட்டும் இழுத்து இந்தப் பக்கம் விட்டார்கள். பெல்ட்டும் செருப்பும் கையில். இவருக்குப் பின்னால் வந்த ஒல்லியான மனிதர், வாங்கில் இருந்த பெண்ணைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேனில் ஏறினார். அந்தப் பெண் எழும்பினா. வேனின் பின்னால் பாதை வரைக்கும் நடந்து போனா. பிறகு நான் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன்.

பஸ் தரிப்பில் மூன்று பஸ் வந்து போனது. இவர் ஏறவில்லை. “நடப்பம்” என்றார். வெள்ளவத்தை வரைக்கும் நடந்தே வந்தோம். வழியில் ஒரு பகிடியும் இல்லை. மச்சாள் மட்டும், “உன்ர மகள்ர கணக்கு றிப்போட்தான் உன்னை வெளியில எடுத்தது, போய் அவளை ஏசாதை” என்றா. இவர் ஓம் என்றார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சாமி அறைக் கதவடியில் வந்து நின்றார். நான் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னோட ஒரு ஆள் இருந்தவர். தேத்தண்ணிக் கடைக்காரர். தான் தின்ன வைச்சிருந்த பாணில பாதியைப் பிச்சு எனக்குத் தந்தவர்.”

“கண்டனான். அவரின்ர மனிசி வெளியில எனக்குப் பக்கத்தில இருந்தவ.”

“பேர் கேட்டனீரோ?”

“இல்லை. நீங்கள்?”

“நானும் கேக்கேல்லை.” “அஞ்சு மணித்தியாலம் ஒண்டாய் இருந்தனாங்கள். அவர் என்ர பேரைக் கேட்டவர். நான் அவரின்ர பேரைக் கேக்கேல்லை.”

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். இவரும் வந்தார், நான் கூப்பிடவில்லை. எங்கள் நாலு பேருக்கும் அர்ச்சனைச் சிட்டை எடுத்தோம். இவர் இன்னொன்று எடுத்தார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, எங்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டுச் சொல்லி முடித்தார். இரண்டாவது தட்டுக்கு, “ஆரின்ர பேருக்கு?” என்றார்.

“பேர் தெரியாது ஐயா.”

“நட்சத்திரம்?”

“அதுவும் தெரியாது.”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். இவர் சொன்னார்: “ஒரு ஆளைக் கொண்டு போயிட்டாங்கள். அவருக்கு.”

ஐயர் அந்தத் தட்டையும் எடுத்தார். “அப்ப சுவாமி பேருக்கே செய்வம்” என்று உள்ளே திரும்பினார். இவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். மணி அடித்து முடிந்த பிறகும் கையை இறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் வழி கேட்டார்கள். நான் அவரைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வரவில்லை, பக்கத்தில் நின்றேன்.